‘வலிக்காத சண்டை’ என்ற சொல் குறித்து

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் ஜப்பானியத் தொழில்முறை மல்யுத்தம் பற்றி வெளியான கட்டுரையை இரண்டு முறை படித்தேன். தமிழ் நாளிதழ் ஒன்று இந்த ஆட்டத்துக்கு அரைப் பக்கம் ஒதுக்கும் என்று நான் எதிர்பார்த்ததே இல்லை என்பதால் முதல் முறை மகிழ்ச்சியோடு படித்தேன். கடைசிப் பத்தியில் இருந்த ஒரு சொல் உறுத்தியதால் மறுபடியும் எடுத்துப் படித்தேன். ஜப்பானியர் ‘புரோரெசு’ என்று அழைக்கும் இந்த மல்யுத்தத்தை, முடிவு முன்கூட்டியே எழுதப்பட்ட, யாருக்கும் வலிக்காத சண்டை என்று கட்டுரையாளர் முடித்திருக்கிறார். முடிவு முன்கூட்டியே தீர்மானிக்கப்படுகிறது என்பதில் எனக்கு மறுப்பில்லை. முப்பது ஆண்டுகளாக இதைப் பார்த்துவரும் எனக்கும், அங்கே காசு கொடுத்து நுழைவுச்சீட்டு வாங்குகிற ரசிகருக்கும் அது தெரிந்த சங்கதிதான். ‘வலிக்காத’ என்ற அந்த ஒரு சொல்லைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை.

அதற்கு முன் ஒரு தகவல் பிழையைச் சுட்டிக்காட்ட வேண்டும். ஜப்பானில் இந்த ஆட்டத்தை வேரூன்றச் செய்த ரிக்கிடோசானை அந்த மண்ணிலேயே பிறந்து வளர்ந்தவராகக் கட்டுரை குறிப்பிடுகிறது. அவர் பிறந்தது ஜப்பானிய ஆட்சியின் கீழிருந்த கொரியாவில். அவருடைய இயற்பெயர் கிம் சின் ராக். சுமோ மல்யுத்தத்தில் மூன்றாம் உயர்நிலையான செக்கிவாக்கே வரை வந்துவிட்டு, 1950இல் அதைத் துறந்து, மறு ஆண்டே தொழில்முறை மல்யுத்த மேடை ஏறினார். 1954 பிப்ரவரியில் அவரும் ஜூடோ வீரர் மசாஹிக்கோ கிமுராவும் இணைந்து ஷார்ப் சகோதரர்களோடு மோதியபோது, தொலைக்காட்சி ஒளிபரப்பு தொடங்கி ஓராண்டே ஆகியிருந்த டோக்கியோவில், தெருமுனைகளில் வைக்கப்பட்டிருந்த பெட்டிகளின் முன்னால் மக்கள் ஆயிரக்கணக்கில் கூடி நின்றார்கள். போரில் தோற்ற நாடு தன்னை வென்ற அமெரிக்கர்களை மேடையிலாவது வீழ்த்துவதைப் பார்த்து ஆர்ப்பரித்தது என்று எல்லோரும் எழுதுகிறார்கள். உண்மையில், அன்று கைதட்டல் வாங்கிய ‘ஜப்பானியர்’ கொரியாவில் பிறந்தவர். ஏச்சு வாங்கிய ‘அமெரிக்கர்கள்’ கனடாவின் ஹாமில்டன் நகரத்துக்காரர்கள். கதையில் இருந்த நாடுகளெல்லாம் வேஷம்தான். எதிராளியின் மார்பில் ரிக்கிடோசான் போட்ட கைவெட்டு மட்டும் வேஷமில்லை.

(தங்கள் வாசகர்களில் மூத்தவர்களுக்குக் கிங்காங் என்ற மல்லரின் பெயர் மறந்திருக்காது. தாராசிங்கோடு அவர் மோதிய கதைகளைக் கேட்டு வளர்ந்த தலைமுறை எங்களுடையது. அதே கிங்காங்கைத்தான் 1955இல் டோக்கியோவில் தோற்கடித்து ரிக்கிடோசான் ஆசியப் பட்டத்தைப் பெற்றார்.)

இனி அந்தச் சொல்லுக்கு வருகிறேன்.

நான் ஓர் இயந்திர உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். 2003ஆம் ஆண்டு ஏப்ரலில் நிறுவனம் என்னைப் பயிற்சிக்காக ஜப்பானுக்கு அனுப்பியது. டோக்கியோவுக்குத் தெற்கே ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் இருந்தேன். அதுவரை எனக்குத் தெரிந்த மல்யுத்தம் கேபிள் தொலைக்காட்சியில் வந்த அமெரிக்க நிகழ்ச்சிகளும், என் பிள்ளைகள் எடை, உயரம், மார்பளவு பார்த்து விளையாடிய சீட்டுக்கட்டும்தான். எங்கள் பணிமனையின் மூத்த ஃபிட்டர் ஒருவர், என் அறையில் தொலைக்காட்சி நள்ளிரவு தாண்டியும் ஓடுவதைக் கேள்விப்பட்டு, ஒரு சனிக்கிழமை என்னைக் கோராக்குவென் அரங்குக்கு அழைத்துச் சென்றார்.

இரண்டாயிரம் பேர்கூட உட்கார முடியாத அந்தச் சிறிய அரங்கு ஒரு கட்டடத்தின் ஐந்தாம் மாடியில் இருக்கிறது. படிக்கட்டுச் சுவர் முழுவதும் ரசிகர்களின் கிறுக்கல். உள்ளே போய் உட்கார்ந்ததும் நண்பர் பையிலிருந்து வண்ணக் காகிதச் சுருள்களை எடுத்தார். வீரரின் பெயரை அறிவிக்கும்போது ரசிகர்கள் அவற்றை மேடையை நோக்கி வீசுவார்கள். ஒரு முனையைக் கையில் பிடித்துக்கொண்டு எறிந்தால் சுருள் காற்றில் நீண்டு வீரரின் தோளில் போய் விழும். வீசுவதற்கு முன்னால் ஒவ்வொரு சுருளின் நடுவில் இருக்கும் கெட்டியான அட்டைக் குழலையும் அவர் நகத்தால் நெம்பி எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். ஏன் என்று கேட்டேன். அது பட்டால் அவர்களுக்கு வலிக்குமே என்றார். நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

முதல் மோதல் இரண்டு புதுப் பையன்களுக்கு இடையில். அலங்காரம் எதுவும் இல்லாத கறுப்புக் கால்சட்டை, கறுப்புக் காலணி. பயிற்சிக்கூடத்திலிருந்து வந்த இளையோருக்கு அதற்குமேல் அனுமதி கிடையாது. வித்தைகளும் நாலைந்துதான். ஒருவன் மற்றவனின் இரு கால்களையும் அக்குளில் இறுக்கிக் குப்புறப் புரட்டி, முதுகை வில்லாக வளைத்து உட்கார்ந்தான். பாஸ்டன் கிராப் என்று பெயர். பிடிபட்டவன் கயிற்றைத் தொட்டுவிட்டால் பிடியை விட்டாக வேண்டும். அரங்கில் ஒரு சத்தமில்லை. அந்தப் பையன் முழங்கைகளால் ஊர்ந்து, விரல் கயிற்றுக்கு ஒரு சாண் தூரத்தில் இருக்கும்போது மறுபடி நடுவுக்கு இழுக்கப்பட்டான். எனக்கு முன்வரிசையில் சோற்றுப் பெட்டியோடு உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் குச்சிகளைக் கீழே வைத்துவிட்டார். மூன்றாவது முயற்சியில் விரல் கயிற்றில் பட்டதும் எழுந்த கைதட்டலை, பட்டம் வென்றவர்களுக்குக்கூட நான் அதிகம் கேட்டதில்லை. பிறகு அவன் தோற்றான் என்பது வேறு.

முடிவு தெரிந்த ஆட்டத்தில் வலி எங்கிருந்து வரும் என்று கட்டுரையாளர் கேட்கலாம். தரையிலிருந்து வரும். மல்யுத்த மேடை என்பது இரும்புச் சட்டத்தின் மேல் பலகை பரப்பி, மெல்லிய மெத்தை விரித்து, துணி போர்த்தியதுதான். ஜப்பானியப் பயிற்சிக்கூடத்தில் சேருகிறவன் முதலில் கற்பது விழுவதைத்தான், ‘உக்கெமி’ என்பார்கள். தாடையை மார்போடு ஒட்டிக்கொண்டு, இரு கைகளாலும் தரையை ஒரே நேரத்தில் அறைந்து, அடியின் வேகம் முதுகுத்தண்டில் குவியாமல் பரவும்படி விழ வேண்டும். அதை நாள் முழுக்க, மாதக்கணக்கில் செய்ய வேண்டும். கூடவே நூற்றுக்கணக்கில் பஸ்கி. ஆங்கிலத்தில் ‘இந்து ஸ்குவாட்’ என்று அவர்கள் சொல்லும் பயிற்சி, நம் ஊர்க் குஸ்தி கோதாவில் தண்டாலோடு சேர்த்து எடுக்கும் அதே பஸ்கிதான். உக்கெமி அடியைக் குறைக்கும், பகிர்ந்து கொடுக்கும், இல்லாமல் ஆக்காது. தலைகுப்புற விழும்போது பகிர்ந்து கொடுக்க இடமும் இல்லை.

அப்படி விழுவதைத்தான் 1990களில் ஜயன்ட் பாபா என்ற மல்லர் நடத்திய ஆல் ஜப்பான் மல்யுத்த நிறுவனத்து வீரர்கள் ஒரு கலையாகவே ஆக்கினார்கள். மிட்சுஹாரு மிசாவா, தோஷியாக்கி கவாடா, கென்டா கோபாஷி, அகிரா தாவுவே என்ற நால்வரை அங்கே நான்கு தூண்கள் போல மதிக்கிறார்கள். மிசாவாவும் கவாடாவும் ஒரே பள்ளியின் மல்யுத்த அணியில் இருந்தவர்கள். மிசாவா ஓராண்டு மூத்தவர். புலி முகமூடி அணிந்து ஆடிவந்த மிசாவா, 1990 மே மாதத்தில் ஒரு மோதலின் நடுவிலேயே, தன் கூட்டாளியாக நின்ற கவாடாவிடம் முடிச்சை அவிழ்க்கச் சொல்லி முகமூடியைக் கழற்றி எறிந்தார். அடுத்த மாதமே நிறுவனத்தின் முதன்மை வீரரான ஜம்போ த்சுருதாவைத் தோற்கடித்தார். அதன் பிறகு கவாடா எதிரணிக்குப் போனார். ஆனால் வெற்றிக்குத் தேவையானபடி, நடுவர் மூன்று எண்ணும்வரை மிசாவாவின் தோள்களைத் தரையில் அழுத்தி வைக்க அவரால் முடியவே இல்லை. ஆண்டுகள் போயின. இந்தப் பொறுமைதான் எனக்கு அந்த ஆட்டத்தில் மிகவும் பிடித்தது. நம் தொலைக்காட்சித் தொடர்கள்கூட ஒரு பகையை இவ்வளவு நேர்மையாக வளர்ப்பதில்லை.

1995 ஜூன் 9 அன்று டோக்கியோவின் நிப்பான் புடோக்கான் அரங்கில் மிசாவாவும் கோபாஷியும் ஒருபுறம், கவாடாவும் தாவுவேயும் மறுபுறம். கோபாஷி காலில் காயத்தோடுதான் மேடைக்கு வந்தார். எதிரணியினர் இரக்கமில்லாமல் அந்தக் காலையே குறிவைத்தார்கள். 42 நிமிடங்கள் ஓடிய அந்த மோதலின் இறுதிக் கட்டத்தில், மிசாவா எழ முடியாமல் கிடக்க, நடக்க முடியாத கோபாஷி ஊர்ந்து வந்து அவர்மேல் கவிழ்ந்து படுத்துக்கொண்டார். தடுக்கக் கை இல்லை, எழுந்து நிற்கக் கால் இல்லை. தன் முதுகை மட்டும் குடையாக விரித்தார். அவர்கள் அந்த முதுகிலும் அடித்தார்கள். பிறகு அவரை அப்புறப்படுத்திவிட்டு, கவாடா முதன்முறையாக மிசாவாவை வீழ்த்தினார். நண்பர் கொடுத்த ஒளிநாடாவில் இதைப் பார்த்துவிட்டு நெடுநேரம் விளக்கைப் போடாமல் உட்கார்ந்திருந்தேன். இந்தக் காட்சியை யாரோ திட்டமிட்டார்கள் என்பது அப்போதும் எனக்குத் தெரியும். அந்தக் கால் திட்டமிட்டு வலிக்கவில்லை.

கட்டுரையாளரோடு வாதிட இவ்வளவு போதும் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் ‘வலிக்காத’ என்ற சொல்லை மறுக்கிற நான், அந்த வலியில் ரசிகனின் பங்கையும் சொல்லாமல் விட்டால் அது பாதி உண்மைதான். ஜப்பானிய ரசிகர்களிடம் ‘2.9’ என்று ஒரு பேச்சு உண்டு. நடுவரின் கை மூன்றாவது முறை தரையைத் தொடுவதற்கு ஒரு மயிரிழை முன்னால் தோளை உயர்த்துவதை அப்படிச் சொல்வார்கள். நேற்று ஒரு வீச்சில் முடிந்தது இன்று 2.9இல் தப்பித்தால், நாளை அதைவிடக் கொடிய ஒன்று வேண்டும். 2003 மார்ச் 1 அன்று மிசாவா, நுழைவுமேடையிலிருந்து கோபாஷியைப் பின்புறமாகத் தூக்கிக் கீழே அரங்கின் தரையில் எறிந்தார். நான் ஜப்பான் போய்ச் சேர்ந்த புதிதில் பணிமனையில் எல்லாருடைய பேச்சும் இதுதான். அதற்குப் பின்னும் கோபாஷி எழுந்து வந்து வென்றார் என்று நாங்கள் வியந்து வியந்து சொல்லிக்கொண்டோம். எழாமல் போயிருந்தால் என்ன என்று ஒருவரும் கேட்கவில்லை; நானும் கேட்கவில்லை.

2009 ஜூன் 13 அன்று ஹிரோஷிமாவில், தான் நிறுவிய நோவா அமைப்பின் தலைவராகவும் வீரராகவும் இருந்த மிசாவா, ஆயிரம் முறை வாங்கிய சாதாரணமான ஒரு பின்வீச்சில் விழுந்தார். எழவில்லை. அன்றிரவே மருத்துவமனையில் இறந்தார். 47ஆம் பிறந்த நாளுக்கு ஐந்து நாட்கள் இருந்தன. பல ஆண்டுகளாகவே அவர் கழுத்து நோவோடு ஆடிவந்தார். அந்த வீச்சைப் போட்ட அகிதோஷி சைட்டோவைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை; அந்தக் கழுத்தைப் பதினைந்து இருபது ஆண்டுகள் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்ததில் எங்கள் கைதட்டலும் உண்டு. காகிதச் சுருளின் அட்டைக் குழலை வலிக்குமே என்று எடுத்துவிட்டு வீசியவர்கள்தான் நாங்கள். அதே கைகளால்தான், தலைகுப்புற விழுந்தவன் எழுந்தபோது இன்னொன்று, இன்னொன்று என்று தட்டினோம். அதற்குப் பிறகு ஓராண்டுக்கு மேல் நான் எந்த மோதலையும் பார்க்கவில்லை. பிறகு பார்க்கத் தொடங்கினேன் என்பதையும் மறைக்க விரும்பவில்லை.

நிலைமை அதோடு மாறிவிடவும் இல்லை. 2017 ஏப்ரல் 9 அன்று டோக்கியோவின் ரியோகோக்கு அரங்கில் கட்சுயோரி ஷிபாட்டா என்ற வீரர், எதிராளி கசுச்சிகா ஒகாடாவின் நெற்றியில் தன் நெற்றியால் மோதினார். கையைக் குறுக்கே வைத்து ஒலி எழுப்பும் தந்திரமெல்லாம் அதில் இல்லை. நெற்றியிலிருந்து ஒரு கோடு ரத்தம் மூக்கின் ஓரமாக இறங்கியது. அன்றே மூளை உறையின் கீழ் ரத்தக்கசிவுக்காக அறுவை சிகிச்சை செய்துகொண்டார். ஒரு மாதம்கூட ஆகவில்லை; மே 4 அன்று யோஷிஹிரோ தக்கயாமா என்ற இன்னொரு வீரர் ஒரு சாதாரண உருளலில் தலை மாட்டிக் கழுத்துத் தண்டுவடம் அடிபட்டு, தோளுக்குக் கீழே செயலிழந்துபோனார். அவருக்காகச் சக வீரர்கள் நிதி திரட்டினார்கள். மேடையில் அவர் எதிரிகளாக இருந்தவர்களும் அதில் இருந்தார்கள்.

ஆகவே ஆசிரியர் அவர்களுக்கு என் வேண்டுகோள் இரண்டு. ரிக்கிடோசானின் பிறப்பிடம் குறித்து ஒரு வரித் திருத்தம் வெளியிட வேண்டும். மற்றது கட்டுரையாளருக்கானது: 1995 ஜூன் 9 மோதலின் ஒளிநாடாவைக் குறுந்தகட்டில் மாற்றி வைத்திருக்கிறேன், அவர் விரும்பினால் தங்கள் அலுவலக முகவரிக்கு அனுப்பத் தயாராக இருக்கிறேன். படம் சற்று மங்கல்தான். வர்ணனை ஜப்பானிய மொழியில் இருக்கிறது என்பதற்காக ஒலியைக் குறைத்துவிட வேண்டாம். உடல் பலகையில் விழும் ஓசையும் அதில்தான் பதிவாகியிருக்கிறது.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
கோயம்புத்தூர்.