செயலாளரின் ஆண்டறிக்கை, 2025–26

தலைவர் அவர்களுக்கும் மன்ற உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

இந்திய ஆய்வுகளைத் தமிழில் சொல்லும் நம் சுவர்ப் பத்திரிகை இவ்வாண்டும் பேருந்து நிலையத்திலும் நூலகத்திலும் தடையின்றி வந்தது. ராக்கெட் ஏறும் நாளில் கூடும் கூட்டம், ஆய்வு முடிவு வரும்போது இருப்பதில்லை. முடிவு வர ஓரிரு ஆண்டுகள் ஆகும்; அதற்குள் செய்தித்தாள்கள் வேறு பக்கம் போய்விடும். ஆகவே ஏவுதல் செய்திகளைக் குறைத்து, வெளிவந்த ஆய்வுக் கட்டுரைகளுக்கே இடம் தந்தோம்.

அதிகம் பேசப்பட்டது, நிலவுத் தரையில் குத்தி வெப்பம் அளந்த சந்திரயான்-3 வெப்ப ஊசி பற்றிய இதழ். 2023 ஆகஸ்டில் நிலவுத் தரையின் வெப்பம் 70 டிகிரி செல்சியஸ் என்று செய்தி வந்தது. 2025-இல் வந்த கட்டுரையோ 82 என்கிறது. முதலாவது அவசரத்தில் சொன்ன முதற்கட்டக் கணக்கு. ஊசி இறங்கிய தரை சூரியனை நோக்கி 6 டிகிரி சாய்ந்திருந்தது. ஒரு மீட்டர் தள்ளிச் சமதளத்தில் வெப்பம் 59 டிகிரி செல்சியஸ்தான். காரணம் எளிது. ஊசியைச் சுமந்து இறங்கிய விக்ரம் கலம் நிற்கும் 69 டிகிரி தெற்கு அட்சரேகையில் நண்பகலிலும் சூரியன் ஏறத்தாழ 21 டிகிரி உயரத்துக்கு மேல் ஏறாது. சரிவோடு சேர்த்தால் 27. தரையில் விழும் வெயில் இக்கோணத்தின் சைன் மதிப்பைப் பொறுத்தது. அது 0.36-இலிருந்து 0.45 ஆகிறது, அதாவது கால் பங்கு கூடுதல் வெயில். பத்தாம் வகுப்புக் கணக்குதான். ஆனால் பத்திரிகைக் குறிப்பை மட்டும் படிப்பவருக்கு இது கிடைக்காது. ‘தென் துருவத்தில் இறங்கியது’ என்பதும் அப்படி வந்ததே. துருவம் அங்கிருந்து 600 கி.மீ.க்கு மேல்.

எழுதுவோருக்கு நடைமுறை இதுதான்: முதலில் கட்டுரையின் செய்முறைப் பகுதியும் அட்டவணைகளும், பிறகே சுருக்கம், கடைசியில் பத்திரிகைக் குறிப்பு. ஒவ்வொரு எண்ணுக்கும் அலகும் தேதியும் வேண்டும். சக ஆய்வாளர் சரிபார்க்காத முன்பதிப்பு என்றால் தலைப்பின் கீழேயே அதைச் சொல்ல வேண்டும். சந்தேகம் வந்தால் கட்டுரையில் உள்ள மின்னஞ்சலுக்கு ஒரே ஒரு கேள்வி அனுப்புங்கள். ஐந்து கேட்டால் பதில் வராது.

ஏ3 தாள், 250 சொல்லுக்குள், எழுத்து 24 புள்ளி. இதற்குக் குறைந்தால் பேருந்துக்கு நிற்பவர் படிக்கமாட்டார். இங்க்ஜெட் அச்சு ஐப்பசி ஈரத்தில் கசிகிறது, லேசர் அச்சே எடுங்கள். மைதாப் பசை வேண்டாம். மாடு தாளோடு தின்றுவிடுகிறது. தெர்மோகோல் பலகையில் குண்டூசி போதும்.

படப் பயிற்சியில், நிலவில் மோதி உடைந்த சந்திரயான்-2 விக்ரமின் சிதறல்களைச் சென்னைப் பொறியாளர் சண்முக சுப்பிரமணியன் 2019-இல் கண்ட முறையைச் செய்து பார்த்தோம். நாசா பொதுவில் வைத்த படங்களில் விபத்துக்கு முன்னும் பின்னும் எடுத்தவற்றை மாற்றி மாற்றிப் பார்ப்பதே அது. சூரியக் கோணம் இரண்டிலும் ஒத்திருக்க வேண்டும், இல்லையேல் நிழலெல்லாம் சிதறலாகத் தெரியும்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். சூரியனை ஆராயும் ஆதித்யா-எல்1 விண்கலம் பற்றிய இதழுக்குக் கட்டுரை படிக்க இருவர் தேவை. பெயர்களை இக்கூட்டத்திலேயே தரவும்.

செயலாளர்