என்ன மருந்து அடிச்சீங்கன்னு சொல்லல, கரையான் வேலையும் பாதியில நிக்குது: முடிச்சூர் வீட்டு ஏஎம்சி பத்தின புகார்

கஸ்டமர் கேர் மேனேஜர் அவர்களுக்கு,

வணக்கம் சார். முடிச்சூர்ல தனி வீடு, மழைக்கு முன்னாடி உங்க பெஸ்ட் கண்ட்ரோல் கம்பெனிகிட்ட ஏஎம்சி, அதாவது வருஷம் பூரா பூச்சிக்கு மருந்து அடிக்கற ஒப்பந்தம் போட்டோம், பில்லு என் வீட்டுக்காரர் பேர்ல இருக்கு, நம்பர் சப்ஜெக்ட்ல போட்டிருக்கேன். ஆப்ல புகார் போட்டா "ரிசால்வ்டு"ன்னு அதுவா மூடிக்குது, போன் பண்ணா ஒவ்வொரு தடவையும் வேற ஆள் எடுத்து முதல்லேர்ந்து கதைய கேக்கறாங்க, அதனாலதான் மொத்தத்தையும் உக்காந்து எழுதறேன். நீளமாதான் இருக்கும், தயவுசெஞ்சு முழுசா படிங்க.

முதல்ல மருந்து விஷயம். கரையான விட எனக்கு இதுதான் பெருசு. வீடு பாக்க வந்த உங்க சேல்ஸ் ஆள்கிட்ட, வீட்ல மாமனாருக்கு ஆஸ்துமா இருக்கு, நாலு வயசு பொண்ணு இருக்கா, எந்த மருந்தா இருந்தாலும் முன்னாடியே சொல்லிடுங்கன்னு தெளிவா சொன்னேன். அவரு "வாசனையே வராத மருந்து மேடம், இமிடாகுளோப்ரிட், நீங்க வீட்ட விட்டு வெளிய கூட போக வேணாம்"னாரு. கொட்டேஷன்லயும் அந்த பேர்தான் போட்டிருக்கு, அந்த வாட்ஸ்அப் மெசேஜ் இன்னும் என்கிட்ட இருக்கு.

வேலைக்கு வந்த அன்னிக்கு கலந்தது அது இல்ல. தண்ணியில ஊத்தின உடனே வெள்ளை வெளேர்னு ஆச்சு, மண்ணெண்ணெய் வாடை கலந்த ஒரு நெடி, ஹால்ல நிக்க முடியல, கண்ணு எரிஞ்சுது. என்ன மருந்து தம்பின்னு கேட்டா "கம்பெனி மருந்துக்கா"ன்னு பதில். லேபிள் காட்டுங்கன்னேன், அவங்க கொண்டு வந்ததே பழைய குடிதண்ணி பாட்டில்ல சார், ஒரு சீட்டு கூட ஒட்டல. வேலை முடிச்சு போறப்ப அதுல கொஞ்சம் மிச்சத்தோட கிச்சன் சிங்க் பக்கத்துலயே விட்டுட்டு போயிட்டாங்க. என் பொண்ணுக்கு எட்டற உயரம் அது. நான் பாத்து எடுத்தேன், எடுத்ததுக்கு அப்புறம் ரொம்ப நேரம் கை நடுங்கிட்டே இருந்துச்சு. பூச்சி மருந்து டப்பா மேல செகப்பு, மஞ்சள், நீலம், பச்சைன்னு முக்கோணம் போட்டு எவ்வளவு விஷம்னு காட்டணும்னு சட்டமே இருக்கு, படிக்காதவங்களுக்கும் புரியட்டும்னுதான் கலர் வச்சிருக்காங்க, அத பிஸ்லேரி பாட்டில்ல மாத்தி ஊத்தி கொண்டு வந்தா அந்த கலர யாருக்கு காட்டுவீங்க?

அன்னிக்கு ராத்திரி மாமாவுக்கு மூச்சு இழுக்க ஆரம்பிச்சிடுச்சு. எப்பவும் எடுக்கற இன்ஹேலருக்கு அடங்கல, தாம்பரத்துக்கு ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு ஓடினோம். விஷயத்த சொன்னதும் அங்க ட்யூட்டி டாக்டர் கேட்ட முதல் கேள்வியே "என்ன மருந்து அடிச்சாங்க"ங்கறதுதான். குளோர்பைரிபாஸ் மாதிரி ஆர்கனோபாஸ்பேட் வகையா இருந்தா பாக்க வேண்டிய அறிகுறி வேற, குடுக்கற ஊசி வேற, பைரித்ராய்டு வகையா இருந்தா வேறன்னு அவரே விளக்கினாரு. எங்களால பதில் சொல்ல முடியல. அங்க நின்னுகிட்டே உங்க ஹெல்ப்லைனுக்கு போன் பண்ணேன், ஆபீஸ் டைம் காலைல ஒன்பதரைக்கு மேலன்னு ரெக்கார்டிங் ஓடுது. டெக்னீஷியன் நம்பர் ஸ்விட்ச் ஆஃப். கடைசில டாக்டர் கண்ணு, நாடி, எச்சில் எல்லாம் பாத்துட்டு விஷம் ஏறின மாதிரி தெரியல, நெடியில ஆஸ்துமா கிளம்பிருக்குன்னு நெபுலைசர் வச்சு, விடியற வரைக்கும் படுக்க வச்சு அனுப்பினாரு. இப்ப மாமா நல்லா இருக்காரு. ஆனா வேற மாதிரி ஆகிருந்தா, பேர் தெரியாத ஒரு பாட்டிலுக்கு அவங்க என்ன ஊசி போட்டிருப்பாங்க?

2024 நவம்பர்ல குன்றத்தூர் பக்கம் என்ன நடந்துச்சுன்னு இந்த தொழில்ல இருக்கற உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. பெஸ்ட் கண்ட்ரோல் ஆளுங்க எலி மருந்து வச்சிட்டு போன வீட்ல ஏசி போட்டு தூங்கின குடும்பத்துல ரெண்டு பிஞ்சு குழந்தைங்க போயிடுச்சு. எங்க வீட்லேர்ந்து குன்றத்தூர் ஒண்ணும் தூரமில்ல. அதுக்கு அப்புறமும் ஒரு கம்பெனி, வீட்டுக்குள்ள என்ன வச்சோம், எத்தன மணி நேரம் கதவ திறந்து வைக்கணும், யார் உள்ள வரக்கூடாதுன்னு ஒரு தாள்ல எழுதி குடுக்காம போகுதுன்னா எனக்கு நம்பவே முடியல சார்.

இப்ப கரையான். நாங்க ஏஎம்சி போட்டதே இதுக்குத்தான். பூஜை ரூம் கதவு நிலையில பென்சில் தடிமனுக்கு கரையான் மண்ணு கோடு ஏறிட்டு இருந்துச்சு, தட்டி பாத்தா உள்ள பொக்குன்னு சத்தம். உங்க ஆளு பாத்துட்டு, மொத்த வீட்டுக்கும் ட்ரில் பண்ணி மருந்து ஏத்தணும், அஞ்சு வருஷம் வாரண்டின்னு சொன்னாரு, அதுக்குத்தான் 18 சதவீதம் ஜிஎஸ்டியோட பணம் கட்டினோம். வந்தவங்க ஹால்லயும் முன் பெட்ரூம்லயும் மட்டும் ஓட்டை போட்டாங்க. கிச்சன்ல கப்போர்டு இருக்குன்னு விட்டாச்சு, பின் ரூம்ல கட்டில் இருக்குன்னு விட்டாச்சு, கட்டில நகத்தி தரேன்னு என் வீட்டுக்காரர் சொல்லியும் "தேவையில்ல சார், மருந்து தானா பரவிடும்"னுட்டாங்க. போட்ட ஓட்டைங்க ரெண்டரை அடி, சில இடத்துல மூணு அடி தள்ளி இருக்கு, ஸ்கேல் வச்சு போட்டோ எடுத்து இதோட அனுப்பிருக்கேன்.

கட்டின வீட்டுக்கு கரையான் மருந்து எப்படி ஏத்தணும்னு ஐஎஸ் 6313ங்கற இந்திய தரக் குறியீட்டோட மூணாவது பாகத்துலயே இருக்கு. தரையும் சுவரும் சேர்ற இடத்துல 300 மில்லிமீட்டருக்கு ஒண்ணு, அதாவது ஒரு அடிக்கு ஒரு ஓட்டை, 12 மில்லிமீட்டர் அகலம், மண்ணு இனிமே குடிக்காதுங்கற வரைக்கும் மருந்து ஏத்தணும், ஒரு ஓட்டைக்கு ஒரு லிட்டர் வரைக்கும் போகலாம். மர நிலைக்கு தனியா சின்ன ஓட்டை போட்டு எண்ணெயில கலந்த மருந்து ஏத்தணும். எங்க வீட்டுக்கு தண்ணியில கலந்ததே மொத்தம் அஞ்சு லிட்டர் கேன் ஒண்ணு, அதுலயும் மிச்சம் இருந்துச்சு. சுவத்துக்கு கீழ மண்ணுல தொடர்ச்சியா மருந்து நின்னாதானே கரையான் தாண்டாது, நடுவுல மூணு அடி சும்மா கெடந்தா அது அந்த வழியா வந்துட்டு போகுது. பூஜை ரூம் நிலையில ட்ரில்லே வைக்கல, மேல ஸ்ப்ரே அடிச்சு மண்ண சுரண்டி விட்டதோட சரி. நாம பாக்கற கோட்டுல இருக்கறது கொஞ்சம்தான், கூடு மண்ணுக்குள்ள இருக்கு, மேல அடிச்சா அந்த கோடு காஞ்சு பக்கத்துல புதுசா ஒண்ணு கிளம்பும். அப்படியேதான் ஆச்சு.

ஐப்பசி மழை பிடிச்ச உடனே ஒரு சாயங்காலம் வீடு முழுக்க ஈசல். புகார் பண்ணதுக்கு உங்க சூப்பர்வைசர் "அது வெளியிலேர்ந்து லைட்டுக்கு வர்றது மேடம், எல்லார் வீட்லயும் வரும்"னு போன்லயே முடிச்சிட்டாரு. மழைக்காலத்துல லைட்டுக்கு ஈசல் வரும்னு முடிச்சூர்க்காரங்களுக்கு தெரியாதா சார்? ஜன்னல் எல்லாம் கொசுவல போட்ட வீடு, எல்லாமே மூடிதான் இருந்துச்சு, ஈசல் கிளம்பினது பூஜை ரூம் நிலைக்கும் சுவத்துக்கும் நடுவுல இருக்கற விரிசல்லேர்ந்து, வரிசையா வெளிய வர்றத வீடியோ எடுத்து அவருக்கே அனுப்பினேன், ப்ளூ டிக் வந்துச்சு, பதில் வரல. ஈசல்ங்கறதே றெக்க முளைச்ச கரையான்தான், நல்லா வளந்த கூட்லேர்ந்துதான் அது கிளம்பும், அப்ப வீட்டுக்கு அடியில கூடு ஜோரா இருக்குன்னுதானே அர்த்தம். மறுநாள் பெருக்கி எடுத்த றெக்கைய ஒரு கவர்ல போட்டு வச்சிருக்கேன், யார் வந்தாலும் காட்டறேன்.

அதுக்கு அப்புறம்தான் லாஃப்ட்ட இறக்கி பாத்தோம். மாமா வாத்தியாரா இருந்தவரு, முப்பது வருஷமா சேத்து வச்ச புத்தகமும் பாடக்குறிப்பு நோட்டும் ரெண்டு அட்டைப்பெட்டி நெறைய இருந்துச்சு. மேல பாத்தா பெட்டி நல்லாதான் இருக்கு, தூக்கினா அடி கழண்டு விழுது, உள்ள பாதி மண்ணு. அவரு ஒண்ணுமே பேசல, ஒவ்வொரு நோட்டா எடுத்து உதறி உதறி வெயில்ல வச்சிட்டு இருந்தாரு. பணத்துக்கு நான் சண்ட போடுவேன் சார், இதுக்கு என்ன விலை கேக்கறதுன்னு எனக்கு தெரியல.

கரப்பான் விஷயத்தையும் சொல்லிடறேன். கிச்சன் கப்போர்டு கீல் பக்கமெல்லாம் ஒரு தம்பி ஜெல் வச்சிட்டு போறாரு, பின்னாடியே இன்னொரு தம்பி அதே இடத்துல ஸ்ப்ரே அடிச்சிட்டு வர்றாரு. கரப்பான் வந்து தின்னாதானே ஜெல் வேலை செய்யும், அது மேலயே விரட்டற மருந்த அடிச்சா யார் வந்து திங்கறது? ரெண்டுக்கும் காசு வாங்கி ரெண்டையும் வீணாக்கினதுதான் மிச்சம், ராத்திரி லைட்ட போட்டா இன்னும் குட்டி குட்டியா ஓடுது.

நான் வாரண்டி கேட்டதுக்கு உங்க ஆபீஸ்லேர்ந்து வந்த மெயில்ல "சுவற்றில் ஈரக்கசிவு இருப்பதால் வாரண்டி பொருந்தாது"ன்னு ஒரு வரி. ஏன் சார், இது முடிச்சூர், அடையாறு பக்கத்துல இருக்கற ஊரு, 2015ல கழுத்தளவு தண்ணி நின்னது உலகத்துக்கே தெரியும், 2023 மிக்ஜாம் புயலுக்கும் இந்த சுத்துவட்டாரம் பூரா தண்ணி. மழைக்காலத்துல இங்க கீழ்ச்சுவத்துல ஈரம் இல்லாத வீடு எது? உங்க ஆளு டார்ச் அடிச்சு அந்த ஈரத்த பாத்துட்டு, "ஈரம் இருக்கறதாலதான் கரையான் வருது, உடனே ட்ரீட்மெண்ட் போடணும்"னு சொல்லித்தான் எங்கள கையெழுத்து போட வச்சாரு. பணம் வாங்கறப்ப காரணமா இருந்த ஈரம், வாரண்டி குடுக்கறப்ப மட்டும் எப்படி சாக்கா மாறும்? நியாயமா சொல்லுங்க.

வேலைக்கு வந்த அந்த ரெண்டு தம்பிங்க மேல எனக்கு கோவம் இல்ல. இத தனியாவே எழுதணும்னு நெனச்சேன். கையில க்ளவுஸ் இல்ல, மாஸ்க்குன்னு ஒரு கைக்குட்டைய கட்டிட்டு அந்த நெடியில குனிஞ்சு வேலை பாத்தாங்க. அடுத்த வீடு பெருங்களத்தூர், அதுக்கு அடுத்து ஊரப்பாக்கம்னு போன் வந்துட்டே இருந்துச்சு, வேலை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே "ஓடிபி சொல்லுங்கக்கா, இல்லன்னா எங்களுக்கு லேட் மார்க் விழும்"னு கெஞ்சினாங்க. நாள் பூரா வேலை பாக்க வேண்டிய வீட்ட ரெண்டு மணி நேரத்துல முடிக்க சொல்லி அனுப்பினது நீங்க. பேர் இல்லாத பாட்டில குடுத்து அனுப்பினதும் நீங்கதான். தினமும் அத மோந்துகிட்டு இருக்கறது அந்த பசங்க. இந்த லெட்டர காரணம் காட்டி அவங்க சம்பளத்துல கை வச்சீங்கன்னு தெரிஞ்சா எனக்கு ரொம்ப வருத்தமா இருக்கும்.

எனக்கு என்ன வேணும்னா, முதல்ல அன்னிக்கு என் வீட்ல அடிச்ச ஒவ்வொரு மருந்தோட பேரும், எவ்வளவு தண்ணிக்கு எவ்வளவு கலந்தீங்கங்கறதும், லேபிள் போட்டோவோட எழுத்துல வேணும், இத மாமாவோட டாக்டர்கிட்ட குடுக்கணும், இதுக்கு மட்டும் நாளைக்குன்னு சொல்லாதீங்க, இந்த லெட்டர் பாத்த உடனே அனுப்புங்க. பெஸ்ட் கண்ட்ரோல் தொழில் பண்றவங்க 1968 பூச்சிக்கொல்லி சட்டத்துல லைசென்ஸ் வாங்கிருக்கணும், அந்த காப்பியும் அனுப்புங்க. கரையான் வேலைய கிச்சன், பின் ரூம், நிலை எல்லாம் சேத்து ஒரு அடி கணக்குல முதல்லேர்ந்து பண்ணி தரணும், கொட்டேஷன்ல சொன்ன அதே மருந்துல, சீல் உடைக்காத டப்பா என் கண்ணு முன்னாடி உடைச்சு கலக்கணும், கூட ஒரு சூப்பர்வைசர் நிக்கணும். வாரண்டில அந்த ஈரக்கசிவு வரிய எடுத்துட்டு புதுசா மெயில் போடணும். மாமாவோட ஆஸ்பத்திரி பில்லு நீங்க குடுக்கணும். எலிக்கு மருந்து வைக்கறேன்னு பாக்கி இருக்கற சர்வீஸ் எனக்கு வேணாம், அத கேன்சல் பண்ணி அந்த பணத்த திருப்பி குடுங்க, குழந்தை இருக்கற வீட்ல உங்கள நம்பி எலி விஷம் வைக்க நான் தயாரா இல்ல.

ரெண்டு வாரம் பாப்பேன். அதுக்குள்ள எழுத்துல பதில் வரலன்னா தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915ல புகார் பதிவு பண்ணிட்டு செங்கல்பட்டு நுகர்வோர் கமிஷனுக்கு போவேன், அஞ்சு லட்சத்துக்குள்ள இருக்கற கேஸுக்கு அங்க ஃபீஸ் கூட கிடையாது, மெசேஜ், வீடியோ, போட்டோ, ஆஸ்பத்திரி சீட்டு எல்லாம் தேதி வாரியா ஃபைல் போட்டு வச்சிருக்கேன். லேபிள் இல்லாத பாட்டில் விஷயத்த வேளாண்மைத் துறைக்கும் தனியா எழுதுவேன், அந்த பாட்டில் மூடியோட பத்திரமா இருக்கு.

ஆள் அனுப்பறதா இருந்தா ரெண்டு நாளாவது முன்னாடி சொல்லுங்க, மாமாவையும் பொண்ணையும் நாத்தனார் வீட்டுக்கு குரோம்பேட்டைக்கு அனுப்பணும். ஞாயித்துக்கிழமை வந்தா என் வீட்டுக்காரரும் இருப்பாரு, கட்டில், கப்போர்டு எல்லாம் நாங்களே நகத்தி வச்சிடறோம்.

இப்படிக்கு,
முடிச்சூர் வாடிக்கையாளர்