சீட்டில் உட்கார்ந்து அளவு எடு

கொழிஞ்சாம்பாறை

அன்புள்ள கண்ணுக்கு,

சுடிதார்ல சைக்கிள் ஓட்டினா அசிங்கமா தெரியுதுன்னு எழுதியிருந்தே. குறை உன் உடம்புல இல்லை, கண்ணு. அது நின்னபடி அளவெடுத்துத் தைச்ச துணி. நீயோ குனிஞ்சு, முட்டி மடக்கி, கையை நீட்டி ஓட்டறே. முதுகு இழுக்கும், பின்னால இடுப்பு தெரியும், ஒரு கை எப்பவும் துணியைச் சரி பண்ணவே போகும். அந்தக் கை நிம்மதியா ஹேண்டில்பார்ல இருந்தாலே முகம் தெளிஞ்சு ஒரு களை வந்துடும்.

அதனால சீட்டுல உட்கார்ந்து அளவு எடு. டாப் பின்பக்கம் முன்பக்கத்தைவிட 2 அங்குலம் நீளமா, பாதித் தொடையோட நிக்கட்டும். சைடு ஓப்பன் இடுப்பெலும்பு உயரத்துல ஆரம்பிக்கணும். முதுகு நடுவுல ஒரு பாக்ஸ் பிளீட், அதாவது ரெண்டு பக்கமும் மடிச்ச அகல மடிப்பு, வைக்கச் சொல்லு. கை நீட்டறப்போ விரியும், இறங்கினா மடிஞ்சு எடுப்பா நிக்கும்.

பேன்ட்டுலதான் நிறையப் பேர் ஏமாறறாங்க. தொடை சேர்ற இடத்துல நாலு தையலும் ஒரே புள்ளியில முட்டும். அந்த முடிச்சு மேல அரை மணி உட்கார்ந்து மிதிச்சா தோல் சிவந்துடும். அங்கே 4 அங்குலச் சாய்சதுரத் துண்டு ஒண்ணு வெச்சா தையல் ரெண்டு பக்கமும் விலகிடும். தூரமா போற நாள்ல உள்ளே பேடு வெச்ச ஷார்ட்ஸ் போடு. அதுக்கு அடியில ஜட்டி போடாதே, அதோட ஓரத் தையல் வேர்வையில அறுத்துடும்.

செயின் இருக்கறது வலது பக்கம், பாட்டம் தொளதொளன்னு இருந்தா அதுல சிக்கும். குதிகால் நுழையப் பாட்டம் 13 அங்குலச் சுற்று வேணும், ஓட்டும்போது 10 போதும். வெளிப்பக்கமா 3 அங்குலம் கீறி, ஒரு ஓரத்தை இன்னொண்ணு மேல ஏத்தி அமுக்கற மாதிரி பிரஸ் பட்டன் வை. கணுக்கால்ல ஒளியைப் பிரதிபலிக்கிற டேப் ஒரு சுத்து தைச்சுக்கோ. கால் ஏறி இறங்கறதால பின்னால வர்ற வண்டிக்காரன் கண்ணுல சட்டுனு படும்.

ஷால் வேண்டவே வேண்டாம், பைக்குள்ள போகட்டும். முடிச்சு அவிழ்ந்து பின்சக்கரத்துல சுத்தினா கழுத்தையே இழுத்துடும். அம்ப்ரெல்லா கட்டும் அங்கே ஆகாது. பாலக்காட்டுக் கணவாய் வழியா வர்ற ஆடிக் காத்து கோயம்புத்தூர்லயும் விடாம அடிக்குமே, துணி முழுக்க உப்பிக்கும். சாம்பல், வெளிர் நீலத்துல வேர்வை திட்டுத்திட்டா தெரியும். மெரூன், கருநீலம், பூப்போட்ட துணின்னா மறைச்சுடும். மெரூன் உனக்கு ரொம்ப நல்லா எடுக்கும்.

கொண்டை போட்டா ஹெல்மெட்டை முன்னால தள்ளும், பிடரிக்குக் கீழே தாழ்வா பின்னிக்கோ. மல்லிகைச் சரத்தை வாழை இலையில மடிச்சு எடுத்துட்டுப் போய், ஆபீஸ் போனதும் வெச்சுக்கோ.

ஓணத்துக்குக் கசவுச் சேலையோட ஓட்டணும்னு கேட்டிருந்தே. தாராளமா ஓட்டு. 1991-92ல புதுக்கோட்டையில நடந்த அறிவொளி எழுத்தறிவு இயக்கத்துல ஆயிரக்கணக்கான பெண்கள் சேலையோடதான் சைக்கிள் கத்துக்கிட்டாங்க. ஆனா குறுக்குக் கம்பி இல்லாத லேடீஸ் சைக்கிளா இருக்கணும், பின்சக்கரத்துல சேலை சிக்காம தடுக்கற சாரி கார்டும் முழு செயின் கவரும் இருக்கணும். கணுக்காலுக்கு 3 அங்குலம் மேலே கட்டு. பாவாடை அகலமா இருக்கட்டும். கொசுவத்துக்கு இடுப்புல மட்டும் பின் குத்து, கீழே குத்தினா முட்டி தூக்கறப்போ சேலை கிழியும். முந்தானையைச் சுத்திக் கொண்டுவந்து இடுப்புல இறுக்கிச் செருகிக்கோ. ஏறினதும் ஒரு தடவை பெடலைப் பின்னால சுத்திப் பாரு, எங்கேயும் துணி உரசலைன்னா கிளம்பு.

அன்புடன்
அம்மா