ஐந்தோவனிலிருந்து அப்பாவுக்கு

அன்புள்ள அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. செல்வி நாலுவழிச்சாலையைக் கடந்து சைக்கிளில் பள்ளிக்கூடம் போவதைப் படித்ததிலிருந்து மனசு சரியில்லை.

இங்கே நெதர்லாந்தில் குளிர் பரவாயில்லை, எதிர்க்காற்றுதான் ஆளைத் தள்ளுகிறது. ஆனாலும் ஊரே சைக்கிளில்தான் போகிறது. நானும் பழைய சைக்கிள் ஒன்று வாங்கிவிட்டேன். பஸ்ஸைவிட உடம்புக்கு நல்லது. வீட்டில் ஹீட்டர்கூட அதிகம் போடுவதில்லை, இரண்டு ஸ்வெட்டர் இருந்தால் போதும். மதியத்துக்கு ரொட்டியும் சீஸும். நன்றாகச் சாப்பிடுகிறேன் என்றே அம்மாவிடம் சொல்லுங்கள்.

எதிர்வீட்டுப் பாட்டி, அதுதான் கொட்டுகிற மழையிலும் சைக்கிள் மிதிப்பாரே, அவரிடம் செல்வி விஷயத்தைச் சொன்னேன். "நாங்களும் அப்படித்தான் இருந்தோம்" என்றார். 1971-இல் இந்த நாட்டுச் சாலைகளில் செத்தவர்கள் சுமார் 3,300 பேர். அதில் 400-க்கு மேல் குழந்தைகள். மகளை விபத்தில் பறிகொடுத்த ஒரு பத்திரிகையாளர் 'குழந்தைக் கொலையை நிறுத்துங்கள்' என்று எழுதப்போய், அதுவே இயக்கமாகிவிட்டது. பாட்டியும் கைக்குழந்தையோடு தெருவை மறித்து உட்கார்ந்தவராம். 1973-இல் எண்ணெய்த் தட்டுப்பாடு வந்து, ஞாயிற்றுக்கிழமை காரே ஓட்டக்கூடாது என்று அரசாங்கம் சொன்னதும் சேர்ந்துகொண்டது.

இப்போது குடியிருப்புத் தெருக்களில் பெரும்பாலும் 30 கிலோமீட்டர் வேகம்தான். போர்டு வைத்துவிட்டுச் சும்மா இருப்பதில்லை. நினைத்தாலும் விரட்ட முடியாதபடி தெருவையே குறுக்கி, மேடாக்கிவிடுகிறார்கள். பெரிய சாலை என்றால் சைக்கிளுக்குச் சிவப்புத் தாரில் தனிப்பாதை. ஊர் எல்லையில் ஒரு நாற்சந்திக்கு மேலே, 70 மீட்டர் தூணிலிருந்து 24 கம்பிகளில் தொங்குகிற வட்டப் பாலம் ஒன்று, ஹோவன்ரிங் என்று பெயர், 2012-இல் திறந்தது. கார் கீழே, சைக்கிள் மேலே. கார் சாலையைத் தோண்டித் தாழ்த்தியிருப்பதால் ஏறும்போது மூச்சு வாங்காது. ஞாயிற்றுக்கிழமைகளில் சும்மா அதைச் சுற்றிக்கொண்டிருப்பேன்.

அங்கே பிள்ளைகளை முன்னால் உட்காரவைத்து மிதிக்கிற அப்பாக்களைப் பார்க்கும்போது மட்டும் கொஞ்சம் கஷ்டம். முன்கம்பியில் துண்டைச் சுற்றி என்னைக் கடைத்தெருவுக்குக் கூட்டிப்போவீர்களே. அந்த ஹெர்குலிஸை விற்றுவிடாதீர்கள்.

சரி, மச்சானை ஒரு மனு எழுதச் சொல்லுங்கள். திங்கட்கிழமை தூத்துக்குடி கலெக்டர் ஆபீஸில் குறைதீர்க்கும் நாளில் கொடுக்கலாம். வெறும் வேகத்தடை கேட்டால் அதோடு முடித்துவிடுவார்கள். சுரங்கப்பாதை கேளுங்கள், அதுவரைக்கும் விளக்கும் சர்வீஸ் ரோடும். எந்தத் தெருப் பிள்ளைகள் எந்த இடத்தில் கடக்கிறார்கள் என்று படம் வரைந்து, தலைமையாசிரியரிடம் கையெழுத்து வாங்கி இணைக்கட்டும். செல்வி இப்போதைக்கு ஷேர் ஆட்டோவில் போகட்டும், காசு நான் தருகிறேன்.

சீட்டுப் பணத்தை மட்டும் அடுத்த மாதம் சேர்த்து அனுப்புகிறேன். இங்கே சின்னக் கணக்கு ஒன்று முடிக்க வேண்டும், வேறொன்றுமில்லை. கொல்லைச் சுவர் விஷயமாகச் சித்தப்பாவோடு சண்டைக்குப் போகவேண்டாம். சர்வேயர் வந்து கல் ஊன்றட்டும், அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

அன்புடன்,
முருகேசன்