வாட்டைப் பார்த்து விளக்கு வாங்காதே

அன்பு மகளுக்கு,

படிப்பு மேசைக்கு எத்தனை வாட் பல்பு வாங்கலாம் என்று கேட்டிருந்தாய். வாட் என்பது விளக்கு செலவழிக்கும் மின்சாரத்தின் கணக்கே தவிர, அது தரும் வெளிச்சத்தின் கணக்கு அன்று. பழைய 60 வாட் குண்டு பல்பு கொடுத்த 700, 800 லூமென் ஒளியை இன்றைய எல்.இ.டி. பல்பு 8 அல்லது 9 வாட்டிலேயே கொடுத்துவிடுகிறது. ஆகவே பெட்டியில் லூமென் எண்ணைத் தேடு. எல்லாத் திசைகளிலும் சேர்த்து விளக்கு வெளியிடும் மொத்த ஒளி அது.

ஒரு திசையில் மட்டும் ஒளி எவ்வளவு செறிவாகப் போகிறது என்பதைக் கேண்டெலாவால் அளப்பார்கள். ஒரு மெழுகுவத்தியின் செறிவு ஏறத்தாழ ஒரு கேண்டெலா. 1979-இல் இந்த அலகுக்கு வகுத்த வரையறை, மனிதக் கண் பகலில் மிக நன்றாக உணரும் பச்சை ஒளியை அடிப்படையாகக் கொண்டது. அந்தப் பச்சையில் ஒரு வாட் கதிர்வீச்சு 683 லூமென் ஆகும். டிவி ரிமோட் உமிழும் அகச்சிவப்புக் கதிருக்கோ, ஆற்றல் இருந்தும், கண்ணுக்குத் தெரியாததால் லூமென் சுழிதான். மீட்டரும் கிலோகிராமும் இருக்கும் அலகு வரிசையில் நம் கண்ணை வைத்தே வகுத்த ஓர் அலகும் இருப்பது எனக்கு இன்றும் வியப்பாகவே இருக்கிறது.

உன் மேசைக்கு உண்மையில் வேண்டியது லக்ஸ் கணக்கு. ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு லூமென் விழுந்தால் அது ஒரு லக்ஸ். உச்சி வெயில் ஒரு லட்சம் லக்ஸ் வரை போகும். முழுநிலவு அரை லக்ஸ்கூடத் தராது. படிக்க, எழுத 500 லக்ஸ் இருந்தால் நல்லது. தொலைவு இரட்டித்தால் வெளிச்சம் நான்கில் ஒன்றாகிவிடும். எல்லாப் பக்கமும் சமமாகப் பரவும் 800 லூமென் பல்பின் செறிவு ஏறத்தாழ 64 கேண்டெலா என்பதால், அதை மேசைக்கு 2 மீட்டர் மேலே மாட்டினால், சுவரில் பட்டுத் திரும்பும் ஒளியைச் சேர்க்காமல், புத்தகத்தின் மேல் 16 லக்ஸ்தான் விழும். அரை மீட்டருக்கு இறக்கினால் 256 லக்ஸ் ஆகிவிடும். மேலே வீணாகும் ஒளியையும் கீழே திருப்பும் கூடு இருந்தால் இன்னும் கூடும். எனவே கூரையில் பெரிய பல்பு வேண்டாம். வளைக்கக்கூடிய கழுத்துள்ள மேசை விளக்கு போதும்.

கெல்வின் என்று பெட்டியில் இருப்பது நிறத்தைப் பற்றியது: 2700 மஞ்சள் சாயல், 6500 நீலம் கலந்த வெண்மை. இரவில் நெடுநேரம் படிப்பவள் நீ. 4000-க்கு மேல் போகாதே. கடையில் பெட்டியைப் படம் எடுத்து அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அப்பா