எந்த வரவிலிருந்து?

செவ்வாய்ப்பேட்டை, சேலம்
8.6.2025

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வந்து பத்து நாள் ஆகிறது. மலர்க் கண்காட்சி முடிந்து கூட்டம் வடிந்ததும் நானும் வீட்டுக்காரியும் ஏற்காட்டில் இரண்டு நாள் தங்கி வந்தோம். அங்கே உட்கார்ந்து பதில் எழுதலாம் என்று உன் கடிதத்தையும் எடுத்துப் போனேன். நாலு தடவை படித்தேன், ஒரு வரி எழுதவில்லை. "பட்டறையில் கண் நோக வேலை செய்கிற பெண்ணுக்கு அரசாங்கம் மாதம் ஆயிரம் ரூபாய் கொடுத்தால் உனக்கு ஏன் வலிக்கிறது?" என்று கேட்டிருந்தாயே, அது என்னைத் தைத்துவிட்டது.

நம் பட்டறையில் கொலுசுக்கு மணி கோக்கும் பெண்களில் மூன்று பேருக்கு அந்த உரிமைத் தொகை வருகிறது. ஒருத்தி மகனுக்கு டியூஷன் கட்டுகிறாள். இன்னொருத்தி மாமியாருக்குச் சர்க்கரை மாத்திரை வாங்குகிறாள். அதை நிறுத்தச் சொல்கிற ஆள் நானில்லை. எந்த வரவிலிருந்து அதைக் கொடுக்கிறோம் என்பதை அவளிடம் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் நான் கேட்பது.

என் அப்பா வாங்கிய இரண்டு கடன்களும் உனக்குத் தெரியும். ஒன்று கம்பி இழுக்கிற மெஷினுக்கு. அந்த மெஷின் ஓடியே தன் கடனை நாலு வருஷத்தில் அடைத்தது. மற்றது அக்கா கல்யாணத்துக்கு. மூன்று நாள் விருந்து, நீ கூடச் சாம்பார் வாளி தூக்கினாய். அப்பா போன பிறகு அந்த வட்டி என் தலையில் விழுந்தது. என் பையன் பிறந்து பள்ளிக்கூடம் போகிற வரைக்கும் கட்டினேன். அதற்குள் அந்தப் பந்தியில் உட்கார்ந்த பெரியவர்களில் பாதிப் பேர் உயிரோடு இல்லை. அப்பாவை நான் குறை சொல்லவில்லை. ஆனால் இரண்டும் ஒரே பேரேட்டில் "கடன்" என்று எழுதப்பட்டிருந்தாலும் ஒரே ஜாதிக் கடன் இல்லை என்பதை அந்த வயதில் கற்றுக்கொண்டேன்.

நம் மாநிலக் கணக்கைப் பார்க்கும்போது எனக்கு அந்தப் பேரேடுதான் ஞாபகம் வருகிறது. 2025-26 பட்ஜெட்டில் நிதிப் பற்றாக்குறை, அதாவது வரவு போதாமல் கடன் வாங்கி அடைக்கிற துண்டு, சுமார் 1 லட்சத்து 7 ஆயிரம் கோடி. அதில் வருவாய்ப் பற்றாக்குறை, அதாவது அன்றாடச் செலவுக்கே வரவு போதாமல் விழுகிற துண்டு, மட்டும் 41 ஆயிரம் கோடிக்கு மேல். அதாவது நூறு ரூபாய் கடன் வாங்கினால் அதில் கிட்டத்தட்ட நாற்பது ரூபாய் பாலத்துக்கும் போகவில்லை, பள்ளிக்கூடக் கட்டடத்துக்கும் போகவில்லை. சம்பளம், ஓய்வூதியம், மானியம், பழைய வட்டி என்று அந்தந்த வருஷச் செலவிலேயே கரைகிறது. 2021 ஆகஸ்டில் மாநில நிதி நிலைமை பற்றி அரசு வெள்ளை அறிக்கை விட்டபோது ஒரு குடும்பத்தின் மேல் 2,63,976 ரூபாய் கடன் என்று சொன்னார்கள். மொத்தக் கடன் அப்போது 5.7 லட்சம் கோடி என்ற கணக்கு. அதைப் பார்த்து ஊரே பதறியது. 2026 மார்ச்சில் அது சுமார் 9.3 லட்சம் கோடி ஆகும் என்று இந்த பட்ஜெட்டே சொல்கிறது. இப்போது யாரும் பதறவில்லை. அந்தக் கட்சி, இந்தக் கட்சி என்று இதில் நான் பிரித்துப் பார்க்கவில்லை. வருவாய்ப் பற்றாக்குறையை ஒழிப்போம் என்று 2003-லேயே இங்கே சட்டம் போட்டார்கள். சில வருஷம் உபரியும் வந்தது, 2013-க்குப் பிறகு இல்லை. கெடுவைத்தான் மாற்றி மாற்றித் தள்ளிவைக்கிறார்கள்.

டில்லியிலும் இதே கதைதான். இந்த வருஷ மத்திய பட்ஜெட்டில் ரூபாய் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று படம் போட்டிருந்தார்களே, பார்த்தாயா? ஒரு ரூபாயில் 24 காசு கடனாக வருகிறது, 20 காசு வட்டிக்குப் போகிறது. புதிதாக வாங்கும் கடனில் ஆறில் ஐந்து பங்கு, பழைய கடனின் வட்டி அளவுக்கே ஆகிவிடுகிறது. எந்தப் பட்டறையாவது இப்படி ஓடினால் நம் தெருவில் யாராவது வெள்ளி கடனுக்குக் கொடுப்பார்களா?

"அரசாங்கம் பட்டறை இல்லை, அது வாங்குவது பெரும்பாலும் உள்நாட்டுக் கடன், நமக்கு நாமே கொடுத்துக்கொள்வது" என்று நீ எழுதியிருந்தாய். பாதி சரி. 1991-ல் வெளிநாட்டுக்குக் கட்ட டாலர் இல்லாமல் 47 டன் தங்கத்தை வெளிநாட்டில் அடகு வைத்தோமே, அப்படிப்பட்ட ஆபத்து ரூபாய்க் கடனில் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வட்டி வாங்குகிற 'நாம்' வேறு, வட்டி கட்டுகிற 'நாம்' வேறு. அரசாங்கம் கடன் வாங்க விற்கிற பத்திரங்களைப் பெரும்பாலும் வைத்திருப்பது வங்கிகளும் இன்சூரன்ஸ் கம்பெனிகளும். அதில் பணம் போட்டிருப்பது உன்னையும் என்னையும் போல நாலு காசு சேர்த்தவர்கள். மணி கோக்கும் பெண்ணிடம் பத்திரம் எங்கே இருக்கிறது? சோப்பு வாங்கும்போதும் பிஸ்கட் வாங்கும்போதும் ஜிஎஸ்டி மட்டும் கட்டுகிறாள். மாதம் ஆயிரம் கொடுத்துவிட்டு, பின்வாசல் வழியாக அவளிடமே வட்டி வசூல் நடக்கிறது. எனக்கு வலிப்பது அந்த இடத்தில்தான், மாப்ளே. போன மாதம் அமெரிக்காவின் கடன் மதிப்பையே, கடனை யார் ஒழுங்காகத் திருப்புவார்கள் என்று எடைபோடும் மூடிஸ் கம்பெனி ஒரு படி இறக்கியது. 36 லட்சம் கோடி டாலர் கடன். அவ்வளவு பெரிய தேசத்துக்கே வட்டி கழுத்தை நெரிக்கிறது.

நம் ஊர்க் கதை ஒன்று உண்டு, அதை நினைத்தால் எனக்குப் பெருமையாக இருக்கும். சேலத்தில் வக்கீலாக இருந்து நகராட்சித் தலைவராகவும் இருந்த ராஜாஜி, 1937-ல் முதல்வர் ஆனதும் மதுவிலக்கை முதலில் நம் சேலம் ஜில்லாவில்தான் கொண்டுவந்தார், அக்டோபர் முதல் தேதி. கள்ளு, சாராய வருமானம் போய்விடும். அந்த ஓட்டையை அடைக்க 1939-ல் விற்பனை வரி போட்டார். வியாபாரிகள் கொதித்தார்கள். வரி என்றால் யாருக்குத்தான் பிடிக்கும்? ஆனாலும் ஒரு நல்ல காரியத்துக்கு இவ்வளவு ஆகும், இதை நீங்கள்தான் தர வேண்டும் என்று ஜனங்களின் முகத்துக்கு நேரே கேட்டார். இன்றைக்கு 2024-25-ல் மட்டும் டாஸ்மாக் வருமானம் 48 ஆயிரம் கோடிக்கு மேல். அதையும் வாங்கிக்கொண்டு, அதற்கு மேல் கடனும் வாங்கி, இந்தச் செலவுக்கு என்ன வரி என்று ஒருத்தரும் வாய் திறப்பதில்லை. சாராயக் காசு அந்த மணி கோக்கும் பெண்ணின் புருஷன் பையிலிருந்துதானே போகிறது.

அடுத்த வருஷம் தேர்தல். ஓட்டுக் கேட்டு வாசலுக்கு வருகிற ஒவ்வொருத்தரிடமும் ஒரே கேள்வி கேட்பது என்று முடிவு பண்ணியிருக்கிறேன்: நீங்கள் சொல்லும் திட்டம் சரி, எந்த வரவிலிருந்து? தெருவில் இன்னும் நாலைந்து பேர் சேர்ந்து கேட்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். நீயும் அங்கே கேள். மெஷின் கடனா, பந்திக் கடனா என்று பிரித்துச் சொல்லச் சொல்.

அப்புறம், வீட்டில் எல்லாரும் சௌக்கியம். வெள்ளி விலை ஏறி வேலை கொஞ்சம் மந்தம்தான். மல்கோவா முடிகிற நேரம், ஒரு பெட்டி பார்சல் போட்டிருக்கிறேன், வந்ததும் போன் பண்ணு. ஆடிக்குக் கோட்டை மாரியம்மன் திருவிழாவுக்குத் தங்கச்சியோடு வா. அப்பாவின் பழைய பேரேடு இன்னும் பரணில் இருக்கிறது, எடுத்து வைக்கிறேன்.

உன்
செவ்வாய்ப்பேட்டைக்காரன்