லோஸ் ஜெர்சியின் ஆர்கனை ஒப்பந்தத்தில் எழுதி வையுங்கள்

ஜெர்சி சிட்டி நகர்மன்ற உறுப்பினர்களுக்கும், லோஸ் ஜெர்சி அரங்கின் புதுப்பிப்பையும் நிர்வாகத்தையும் கவனிக்கும் அனைவருக்கும்,

வணக்கம்.

ஜர்னல் ஸ்கொயரில் இருக்கும் லோஸ் ஜெர்சி என்ற பழைய திரையரங்கின் குழல் ஆர்கனுக்காக, அதாவது குழல்களில் காற்றைச் செலுத்தி ஒலிக்க வைக்கும் பெரிய வாத்தியத்துக்காக, இந்த மடலை எழுதுகிறேன். நான் கேட்பது ஒன்றுதான். அரங்கை இன்று யார் நடத்தினாலும் நாளை யார் நடத்தினாலும், அந்த ஆர்கன் அதே இடத்தில், வாசிக்கக்கூடிய நிலையில் இருக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுத்தாக வையுங்கள். அதற்கு வேண்டிய நேரத்தையும் பணத்தையும் ஆண்டுதோறும் ஒதுக்குங்கள். அப்படி ஒரு விதி ஏற்கெனவே இருந்தால் மக்கள் படிக்கும்படி வெளியிடுங்கள்.

இதன் ஆங்கிலப் படி உங்கள் அலுவலகத்துக்கு வரும். தமிழில் எழுதுவது அக்கம்பக்கத்துக்காக. ஜர்னல் ஸ்கொயர் ரயில் நிலையத்தில் இறங்கி நியூவார்க் அவென்யூ மளிகைக் கடைகளுக்குப் போகும் நம் ஆட்களில் பலர், எதிரே நிற்கும் அந்தக் கட்டடத்துக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாமலே வருடக்கணக்கில் கடந்து போகிறார்கள். 1993இல் நகரம் அதை வாங்கியது. ஆகவே அது அவர்களுடைய சொத்தும்தான்.

உள்ளே என்ன இருக்கிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். கட்டட வேலை பார்ப்பவர்களும் நிகழ்ச்சி நடத்துபவர்களும் ஆர்கன் என்றால் மேடை ஓரத்தில் ஏறி இறங்கும் அந்தச் செதுக்கு வேலைப்பாடுள்ள கன்சோல்தான் என்று நினைத்துக்கொள்வது வழக்கம். கன்சோல் வெறும் கட்டளை மேசை. அதில் ஒரு குழல்கூட இல்லை. இசை பிறப்பது சுவருக்குள். மேடைக்கு இருபுறமும் உயரத்தில் தெரிகிற அலங்கார ஜாலிக்குப் பின்னால் கெட்டிச் சுவர் வைத்த அறைகள் இருக்கின்றன. ஆயிரத்துக்கும் அதிகமான குழல்கள் அங்கே வரிசை வரிசையாக நிற்கின்றன. ஒரு வரிசை என்பது ஒரே குரல் கொண்ட குழல்களின் தொகுதி. சில பென்சில் அளவு, சில ஆளைப்போல் மூன்று மடங்கு உயரம். சில மரம், சில உலோகம். அறையின் முகப்பில் தடித்த மரப்பலகைகள் ஜன்னல் சட்டம் போல அடுக்கியிருக்கும். வாசிப்பவர் காலால் ஒரு மிதியை அழுத்தினால் பலகைகள் திறக்கும், ஒலி அரங்குக்குள் பாயும். மிதியை விட்டால் மூடும், ஒலி அடங்கும். குழல் எப்போதும் ஒரே பலத்தில்தான் ஒலிக்கும். ஏற்றமும் இறக்கமும் அந்தப் பலகைகளின் வேலை. அறை, பலகை, ஜாலி, அரங்கின் கூரை, பால்கனியின் வளைவு எல்லாமே இந்த வாத்தியத்தின் பாகங்கள்.

அப்புறம் காற்று. தேவாலய ஆர்கனில் காற்றழுத்தத்தை நீர்மட்டக் கணக்கில் 3 அல்லது 4 அங்குலம் வைப்பார்கள். திரையரங்கு ஆர்கனில் 10 அங்குலம் சாதாரணம், சில வரிசைகளுக்கு 15க்கும் மேல். இதற்காகத் தனியாக ஒரு பெரிய மின்விசிறி எந்திரம், அதிலிருந்து அறைகளுக்குப் போகும் தடித்த காற்றுக் குழாய்கள், நடுவில் அழுத்தத்தைச் சமன்படுத்தும் தோல் துருத்திகள். கன்சோலில் கீபோர்டின் கட்டையை அழுத்தியதும் மெல்லிய மின்சாரம் போய் ஒரு காந்தத்தை இழுக்கும். காந்தம் ஒரு சின்னத் தோல் பையிலிருந்து காற்றை வெளியே விடும், பை சுருங்கும், குழலின் அடியில் இருக்கும் வால்வு திறக்கும். இவ்வளவும் கண் இமைக்கும் முன் நடந்து முடியும். ஒவ்வொரு குழலுக்கும் இப்படி ஒரு வால்வும் தோலும் உண்டு. தோலுக்கு ஆயுள் சில பத்தாண்டுகள்தான். தூசியும் வறட்சியும் அதைச் சீக்கிரம் கொன்றுவிடும்.

இந்த அமைப்புக்குப் பின்னால் இருந்தவர் ராபர்ட் ஹோப்-ஜோன்ஸ். 1859இல் இங்கிலாந்தில் பிறந்தவர், தொலைபேசி நிறுவனத்தில் மின் பொறியாளர். தொலைபேசிக் கம்பியில் கற்றதை ஆர்கனுக்குக் கொண்டுவந்தார். கன்சோலையும் குழலையும் இணைப்பது வெறும் கம்பி என்றால், வாசிப்பவர் எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம், குழல்களை எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம். இன்னொரு பலனும் அதிலிருந்து வந்தது. பழைய முறையில் ஒவ்வொரு ஸ்டாப்புக்கும், அதாவது ஒரு குரலைத் தேர்ந்தெடுக்கும் ஒவ்வொரு விசைக்கும், தனியாக 61 குழல் வேண்டும். ஹோப்-ஜோன்ஸ் ஒரே வரிசையை மேலும் கீழும் நீட்டி 97 குழலாக்கினார். அதே வரிசையை 16 அடி, 8 அடி, 4 அடி, 2 அடி என நான்கு ஸ்தாயியில், எந்தக் கீபோர்டிலிருந்தும் கூப்பிட முடியும். தேவாலயக்காரர்கள் இதைக் குறுக்குவழி என்று திட்டினார்கள். எனக்கு அது சரியாகப்படவில்லை. இருபது சொச்சம் வரிசைகளை வைத்துக்கொண்டு மூவாயிரம் பேர் உட்காரும் அரங்கை நிறைப்பதற்கு உண்மையான கற்பனை வேண்டும். அகலமான மரக்குழலில் இவர் வளர்த்தெடுத்த டிபியா என்ற வரிசைதான் திரையரங்கு ஆர்கனின் குரல். காற்றையே நடுங்க வைக்கும் ட்ரெமுலண்ட் சேர்ந்ததும் அது உருகிப் பாடும். அவருடைய டயஃபோன் என்ற அடிநாதக் குழலின் தத்துவத்தில் கனடாவில் கப்பல்களுக்கான மூடுபனி ஊதல் செய்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும், அத்தனை பலம் அதற்கு.

1903இல் அமெரிக்கா வந்தவருக்கு வியாபாரம் கைகொடுக்கவில்லை. 1910இல் வுர்லிட்சர் நிறுவனம் அவர் தொழிலை வாங்கிக்கொண்டது. கசப்பு முற்றி 1914இல் அவர் தற்கொலை செய்துகொண்டார். அவருடைய அமைப்பு உலகம் முழுவதும் அரங்குகளில் ஒலிக்கப் போவதை அவர் பார்க்கவில்லை. நியூயார்க் மாநிலத்தின் நார்த் டோனவாண்டா தொழிற்சாலையிலிருந்து வுர்லிட்சர் 2,200க்கும் மேற்பட்ட ஆர்கன்களை அனுப்பியது. 1932இல் திறந்த ரேடியோ சிட்டி மியூசிக் ஹாலுக்கு 58 வரிசையும் இரண்டு கன்சோலும் கொண்ட ஆர்கன் போனது.

மௌனப் படக் காலத்தில் முப்பது பேர் வாத்தியக் குழுவின் வேலையை ஒரே ஆள் செய்தார். திரையைப் பார்த்தபடியே, எழுதி வைக்காத இசையை விரலிலிருந்து வரவழைத்தார். டிரம், ஜால்ரா, சைலஃபோன் எல்லாமே நிஜ வாத்தியங்கள், அறைக்குள் காற்றால் அடிக்கப்படுபவை. குதிரைக் குளம்பு, பறவைச் சத்தம், கார் ஹாரன் எல்லாவற்றுக்கும் ஒரு பொத்தான். 1927க்குப் பிறகு பேசும் படம் வந்தது, 1929இல் பொருளாதாரமும் சரிந்தது. ஆர்கன் வாசித்து வாழ்ந்தவர்கள் சில ஆண்டுகளில் வேலை இழந்தார்கள். கடன் அடைக்காத புத்தம்புது ஆர்கன்கள் பூட்டிய அறைகளில் கிடந்தன.

நம் கதை சரியாக அந்தத் திருப்பத்தில் தொடங்குகிறது. நியூயார்க்கைச் சுற்றி லோஸ் என்ற திரையரங்கு நிறுவனம் ஐந்து பெரிய அரங்குகளைக் கட்டி ‘வொண்டர் தியேட்டர்’ என்று பெயர் வைத்தது. குவீன்ஸில் வலென்சியா, பிராங்க்ஸில் பாரடைஸ், புரூக்ளினில் கிங்ஸ், நம் ஊரில் ஜெர்சி, மன்ஹாட்டனில் 175ஆம் தெரு. நம்முடையது 1929 செப்டம்பர் 28 அன்று திறந்தது. ஐந்துக்கும் கலிஃபோர்னியாவின் வான் நைஸில் இருந்த ராபர்ட் மோர்ட்டன் நிறுவனம் ஒரே மாதிரியான ஆர்கன்களைச் செய்து கொடுத்தது. நான்கு கீபோர்டு, 23 வரிசை. வுர்லிட்சரைவிட முரட்டுக் குரல் மோர்ட்டனுக்கு. பித்தளை வாத்தியக் குழுவின் பளபளப்பு அதில் தூக்கலாக இருக்கும். என் காதுக்கு அதுதான் பிடித்தது.

இந்த ஐந்து சகோதரிகளும் எங்கே போனார்கள் என்று பாருங்கள். பிறந்த அரங்கின் சொத்தாகவே இருப்பது 175ஆம் தெருவினுடையது மட்டும்தான். வலென்சியாவின் ஆர்கன் சான் டியாகோவின் பால்போவா அரங்கில் இருக்கிறது. கிங்ஸ் அரங்கு 2015இல் கோடிக்கணக்கான டாலர் செலவில் அற்புதமாகத் திறக்கப்பட்டது, ஆனால் ஒலிக்கும் ஆர்கன் அதில் இல்லை. நம் ஜெர்சியின் சொந்த ஆர்கன், அரங்கை மூன்று திரைகளாகத் தடுத்த 1970களில் கைமாறி, கடைசியில் சான்டா பார்பராவின் ஆர்லிங்டன் அரங்கில் குடியேறியது. இன்று நம்மிடம் இருப்பது பாரடைஸின் ஆர்கன்.

அது எப்படி வந்தது என்பதை மறந்துவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். 1986இல் அரங்கு மூடியது. இடிக்கத் திட்டம் இருந்தது. ஊர்க்காரர்கள் போராடி நிறுத்தினார்கள். பிறகு வார இறுதிகளில் சம்பளம் இல்லாமல் வந்து கூட்டினார்கள், கம்பி இழுத்தார்கள், பழுது பார்த்தார்கள். கார்டன் ஸ்டேட் தியேட்டர் ஆர்கன் சொசைட்டியின் தன்னார்வலர்கள் அந்தச் சகோதரி ஆர்கனை இங்கே கொண்டுவந்து, ஆண்டுக்கணக்கில் தோல் மாற்றி, குழல் சுத்தம் செய்து, காலியாக இருந்த அறைகளில் பொருத்தினார்கள். 2007இல் அது மறுபடி அரங்கில் கேட்டது. ஒரு மௌனப் படத்துக்கு அது வாசிக்கப்பட்டபோது நான் பால்கனியில் இருந்தேன். அடிநாதம் நாற்காலியின் கைப்பிடியில் அதிர்வதை என்னால் உணர முடிந்தது. எந்த ஸ்பீக்கரும் எனக்கு அதைத் தந்ததில்லை.

இப்போது என் பயத்தைச் சொல்கிறேன். ஆர்கனை யாரும் வெறுப்பால் அழிப்பதில்லை. நல்ல எண்ணத்தோடு செய்யும் கட்டட வேலையில்தான் அது அடிபடுகிறது. நம் மாநிலத்திலேயே உதாரணம் இருக்கிறது. அட்லாண்டிக் சிட்டியின் போர்ட்வாக் ஹாலில் 33,000க்கும் மேற்பட்ட குழல்கள் கொண்ட, உலகிலேயே மிகப் பெரிய ஆர்கன் இருக்கிறது. ஏழு கீபோர்டு கன்சோல். 1944 புயலில் கடல்நீர் புகுந்து அதைக் கெடுத்தது. 1998இல் ஒரு பகுதியைச் சீராக்கினார்கள். அடுத்த சில ஆண்டுகளில் அந்த மண்டபத்தைப் பெரும் செலவில் புதுப்பித்தார்கள். அந்த வேலையில் காற்றுக் குழாய்களும் கம்பிகளும் சேதமாகி, சீராக்கியதும் சேர்ந்து ஊமையானது. புயல் செய்ததற்குச் சமமான வேலையைப் புதுப்பிப்பு செய்துவிட்டது. அதன் பிறகு தனிக் குழு அமைத்து, நன்கொடை திரட்டி, அறை அறையாக மீட்டுவருகிறார்கள். மறுபடி பகல் கச்சேரிகள் நடக்கின்றன.

இடம் மாற்றிக் காப்பாற்றலாமே என்று யாராவது சொன்னால் சிகாகோ ஸ்டேடியத்தை நினைவுபடுத்துங்கள். 1929இல் அங்கே பார்ட்டன் நிறுவனம் ஆறு கீபோர்டு ஆர்கன் ஒன்றைக் கூரையோடு கட்டியது. 1990களில் ஸ்டேடியம் இடிக்கப்பட்டது, ஆர்கன் பிரிக்கப்பட்டு விற்கப்பட்டது. அதை வைத்திருந்த ஃபீனிக்ஸ் நகரக் கிடங்கில் 1996இல் தீப்பிடித்து குழல்கள் போயின. கன்சோல் மட்டும் தப்பியது.

சரி, என்ன செய்ய வேண்டும்? வேலை நடக்கும் எந்த நேரத்திலும் ஆர்கன் அறைகள் தூசி புகாமல் அடைக்கப்பட்டிருக்க வேண்டும். ஆர்கன் தெரிந்த ஒருவர் உடன் இல்லாமல் ஒப்பந்ததாரரின் ஆட்கள் உள்ளே போகக் கூடாது. அந்த அறைகள் நாற்காலி அடுக்கவும் கேபிள் இழுக்கவும் கிடைத்த காலி இடம் இல்லை. ஜாலிகளுக்கு முன்னால் ஸ்பீக்கர் கொத்தையோ எல்.இ.டி. திரையையோ நிரந்தரமாகத் தொங்கவிட வேண்டாம். தொங்கவிட்டால் ஆர்கனின் வாயை அடைத்ததாகும்.

குளிர்சாதனம் அமைக்கும் பொறியாளர்களிடம் ஆர்கன் அறைகளையும் கணக்கில் சேர்க்கச் சொல்லுங்கள். வெப்பம் ஏறினால் சாதாரணக் குழல்களின் சுருதி ஏறும், ரீடு என்ற அதிரும் உலோக நாக்கு வைத்த குழல்களில் அது அதே அளவு ஏறாது. அரங்கில் சூடும் அறையில் குளிருமாக இருந்தால் எத்தனை முறை சுருதி சேர்த்தாலும் கச்சேரி அன்று பிசகும்.

சுருதி சேர்ப்பதற்கு அமைதி வேண்டும். ஒருவர் கன்சோலில் உட்கார்ந்து கட்டையைப் பிடிக்க, இன்னொருவர் அறைக்குள் ஏறி ஒவ்வொரு குழலாகத் தட்டிச் சரிசெய்வார். பக்கத்தில் மேடை அமைக்கிறவர்கள் டிரில் போட்டால் அது நடக்காது. நிகழ்ச்சி நாட்காட்டியில் மாதம் சில காலை வேளைகளை ஆர்கனுக்கென்றே அடைத்து வையுங்கள். வாடகை வராத நேரம் என்று பார்த்தால் பெரிய இழப்பில்லை. அடைத்து வைக்காவிட்டால் அந்த நேரம் ஒருபோதும் கிடைக்காது.

வாசிப்பதும் பராமரிப்பின் பகுதிதான். எந்த நிகழ்ச்சியாக இருந்தாலும் கதவு திறந்து மக்கள் உட்காரும் நேரத்தில் பத்து நிமிடம் ஆர்கன் ஒலிக்கட்டும். ராக் கச்சேரிக்கு வந்தவரும் நகைச்சுவை நிகழ்ச்சிக்கு வந்தவரும் கேட்கட்டும். அட்லாண்டாவின் ஃபாக்ஸ் அரங்கில் 3,622 குழல்கள் கொண்ட மோலர் ஆர்கன் பல ஆண்டுகள் ஊமையாகக் கிடந்தது. ஜோ பேட்டன் என்பவரின் முயற்சியால் 1963இல் அது பேசியது. அதன் பிறகு 1970களில் அந்த அரங்கை இடிக்கத் திட்டம் வந்தபோது நகரமே எழுந்து நின்று காப்பாற்றியது. ஆர்கன் கேட்டு வளர்ந்த பழக்கமும் அந்தப் பாசத்தில் கலந்திருந்தது என்று நான் நம்புகிறேன். இன்றும் ஃபாக்ஸ் தன் ஆர்கனை வாசிக்க வைக்கிறது, அரங்கும் நல்ல வியாபாரம் செய்கிறது.

பள்ளி மாணவர்களையும் அழைத்து வாருங்கள். நம் தெருக்களில் கீபோர்டு வகுப்புக்குப் போகும் பிள்ளைகள் ஏராளம். வால்வு திறப்பதையும் பலகை அசைவதையும் பக்கத்தில் நின்று பார்த்தால் அவர்களில் ஒருவருக்காவது இதில் ஆசை பிடிக்கும். இப்போது பழுது பார்க்கத் தெரிந்தவர்களில் பலர் வயதானவர்கள்.

கடைசியாக ஒரு கேள்வி, இதற்கு எழுத்தில் பதில் வேண்டும். ஆர்கனின் பராமரிப்புக்கு இந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் எவ்வளவு ஒதுக்கப்பட்டிருக்கிறது, அதற்குப் பொறுப்பாளர் யார்? நகர்மன்றக் கூட்டத்தில் பொதுமக்கள் பேசும் நேரத்தில் இதையே கேட்கப் பெயர் கொடுக்கிறேன். இதைப் படிக்கும் பக்கத்து வீட்டுக்காரர்களும் வந்தால் நன்றாக இருக்கும்.

அன்புடன்,
ஜர்னல் ஸ்கொயர் பகுதியில் குடியிருக்கும் ஒரு ரசிகன்